வெறுங்கைச் சோதனை

— அசையாதீங்க அண்ணே. இன்னும் பன்னெண்டு வினாடி இருக்கு.

— நான் எங்க தங்கச்சி அசையறேன். ரத்த ஓட்டத்தைக்கூட நிறுத்தி வெச்சிருக்கேன்.

— அதை நிறுத்தினா கொசு எதுக்கு வரும்? ஓட விடுங்க.

— சரி, ஓட விட்டாச்சு. இப்ப எத்தனை?

— நான் எண்ணுறப்ப பேசாதீங்கன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்றேன்.

— எண்ண ஏதாவது இருந்தா நானே வாயை மூடிப்பேன். கூண்டுக்குள்ள இருநூறு கொசு. அத்தனையும் பொம்பளைக் கொசு, நேத்து சாயங்காலத்துலேர்ந்து சர்க்கரைத் தண்ணிகூட இல்லாம பட்டினி. என் கையைப் பார்த்ததும் அத்தனையும் அந்தப் பக்கத்து வலையில போய் ஒட்டிக்கிட்டு நிக்குது. கேள்வி கேட்கிற வாத்தியார் உள்ள வந்தா பசங்க கடைசி பெஞ்சுக்குப் போவாங்களே, அந்த மாதிரி.

— நேரம் முடிஞ்சுது. கையை எடுங்க. பார்த்து, துணிக்குழாய் வழியா ஒண்ணும் வெளிய வந்துடாம.

— என்னோட வர அதுங்களுக்கு என்ன தலையெழுத்து? எத்தனைன்னு எழுதினே?

— பூஜ்யம்.

— ஒண்ணு வந்துச்சே, கட்டைவிரல் பக்கம். நான் பார்த்தேன்.

— அது கையுறை மேல உக்காந்துச்சு. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல உக்காந்தாதான் சேர்த்தி. உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும். இருந்தாலும் அது பாவம், வயசான கொசு, வழி தெரியாம அங்க இறங்கிருச்சு. வயசைப் பார்த்துச் சேர்த்துக்கக் கூடாதா?

— அண்ணே, சிரிக்கிற நிலைமையா இது? போன மாசம் ஆறு. நீங்க லீவுல போறதுக்கு முன்னாடி ரெண்டு. ரெண்டு தடவையும் தோத்தாச்சு. முப்பது வினாடியில பத்து கொசுவாவது உக்காரணும். இன்னிக்கு மூணாவது வாய்ப்பு. வலது கை போச்சு, இடது கை ஒண்ணுதான் பாக்கி. அதுவும் வரலேன்னா சோதனைக் கைகள் பட்டியல்லேர்ந்து உங்க பேரை அடிச்சிருவாங்க. பதினோரு மணிக்கு மாடியிலேர்ந்து ஆராய்ச்சி மேடம் போன் பண்ணி எண்ணிக்கை கேட்பாங்க. மணி இப்ப பத்தே கால்.

— பேரை அடிச்சா என்ன பண்ணுவாங்க?

— வீட்டுக்கு அனுப்பிருவாங்க. வேற என்ன.

— ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு.

— அதனாலதான் சொல்றேன். இடது கையை நீட்டுங்க, கழுவணும். கொசு வராத கையை வெச்சுக்கிட்டு இவங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க. வெறுங்கைக்குக் கொசு வந்தாதானே, மருந்து பூசினப்புறம் வராம இருந்தா அது மருந்தோட வேலைன்னு எழுத முடியும்? வராத கையில தேங்காய் எண்ணெயைப் பூசினாக்கூட அது உலகத்துலயே நல்ல மருந்துன்னு ஆயிரும்.

— நியாயம்தான். நியாயம் எப்பவுமே நமக்கு எதிர்க்கட்சியிலதான் உக்காரும். சோப்பை அழுத்தித் தேய்க்காதே. இருக்கிற வாசனையும் போயிரப் போகுது.

— வாசனை இல்லாத சோப்புதான். எல்லாருக்கும் போடறது. இப்ப ஸ்பிரிட் துணியால துடைக்கிறேன். பத்து நிமிஷம் காயட்டும், எதையும் தொடாதீங்க. லீவுல போய் என்னதான் பண்ணினீங்க? போறப்ப ரெண்டாவது இருந்துச்சு. திரும்பி வந்து பார்த்தா அதுவும் இல்ல.

— சொன்னா நீ நம்ப மாட்டே. நம்பாதே, கேளு. லீவுக்கா நான் போனேன்? பயிற்சி முகாம் போனேன். ஓட்டப்பந்தயக்காரங்க மலை மேல போய் ஓடிப் பழகுறாங்க இல்ல, அந்த மாதிரி. ஏரிக்கரையில ஒரு வீடு, அஞ்சு நாளு வாடகைக்கு. மாப்பிள்ளைதான் பார்த்தார். அங்க கொசு எப்படின்னு நான் முன்கூட்டியே விசாரிச்சேன். வீட்டுக்காரர் ரொம்பத் தயங்கித் தயங்கி, கொஞ்சம் ஜாஸ்திதான்னு ஒத்துக்கிட்டார். உடனே பதிவு பண்ணுங்கன்னுட்டேன். அந்த மனுஷன் முப்பது வருஷமா வீடு விடறாராம், கொசுக்காக வர்றோம்னு சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

— உங்க சம்சாரம் ஒத்துக்கிட்டாங்களா?

— அவகிட்ட ஏரின்னு மட்டும் சொன்னேன். மக மட்டும் என்னைச் சந்தேகமா பார்த்துட்டு, நாலு பக்கத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொண்டாந்து அந்த ஏரிக்கரை வீட்டுச் சுவத்துல ஒட்டிட்டா. வெளுப்பா, தொளதொளன்னு, முழுக்கை போட்ட துணிதான் உடுத்தணும். செண்ட் கூடாது. வெயிலுக்குப் பூசுற க்ரீம் முதல்ல, அது காய்ஞ்சப்புறம் கொசு மருந்து. கொசுவலையை மெத்தைக்கு அடியில சொருகணும். பொழுது சாயறதுக்குள்ள சன்னல் சாத்தணும். ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கணும், கொசுவுக்குக் காத்துல நீச்சல் தெரியாது. வாளி, தொட்டி, பூச்சட்டித் தட்டு, எதுலயும் தண்ணி தேங்கக் கூடாது.

— எல்லாம் நாம எழுதின கையேட்டுல இருக்கிறது.

— நம்ம கையேடுதான். என் கையைக் கடிச்சு எழுதின பாடம், நான் தங்கின வீட்டுச் சுவத்துலயே. அதை வரிசையா ஒண்ணொண்ணா மீறினேன் தங்கச்சி. கறுப்புச் சட்டை, அரை நிஜார். வேர்க்கணும்னு மாடிப்படி இருபது தடவை ஏறி இறங்கினேன். சாயங்காலம் அஞ்சரைக்கு நாணல் புதருக்கு நடுவுல நாற்காலி போட்டு உக்காந்தேன். கொசு ஒரு மேகம் மாதிரி எழும்பி வந்துச்சு. நான் ரெண்டு கையையும் விரிச்சு, வாங்க வாங்கன்னேன். மேகம் என் மூக்குக்கு நாலு அடி முன்னாடி ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு பாதி இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம் போய், எனக்குப் பின்னாடி மறுபடி ஒண்ணா சேர்ந்து மாப்பிள்ளையைப் பார்க்கப் போயிருச்சு.

— பாதியைக் கழிச்சுட்டுக் கேட்டுக்கறேன்.

— கழிச்சுக்கோ. உனக்காகத்தான் ரெண்டு மடங்கா சொல்றேன். அங்க ஒவ்வொரு கொசுவும் என்ன உசரம்ங்கிறே? படகுத்துறையில ஒண்ணு உக்காந்திருந்துச்சு, படகுக்காரர் அதைப் பார்த்து ஓரமா போங்கன்னார். ரெண்டாம் நாள் ரெண்டு கொசு சேர்ந்து மாப்பிள்ளையோட கொசுவலையைத் தூக்கிட்டுப் போய், அதுங்க ரெண்டும் அதைப் போர்த்திக்கிட்டுத் தூங்குச்சு. என்னன்னு விசாரிச்சா, அவரோட குறட்டை தாங்கலையாம்.

— அண்ணே.

— சரி, வலையைத் தூக்கல. நடந்தது இதுதான். மாப்பிள்ளை ரொம்பக் கவனமானவர். வலையை நாலு பக்கமும் இறுக்கிச் சொருகினார், ஒரு ஊசி நுழைய இடம் இல்ல. உள்ள ஏற்கெனவே ஒரு கொசு இருந்தது. அதுக்கு வெளிய போகவும் வழி இல்ல. காலையில பார்த்தா, அவரு உடம்புல இருபத்தேழு இடம் வீங்கியிருக்கு. கொசு வலையோட உச்சியில தொங்குது, பறக்க முடியல, அவ்வளவு பாரம். ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல வைத்தியம் பார்க்கிறதுன்னு எனக்கே குழப்பம்.

— சொறிஞ்சுட்டாரா?

— சீப்பாலயே சொறிஞ்சுட்டார். நான் சொறியாதீங்க, சோப்புத் தண்ணியில கழுவுங்க, ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி வைங்கன்னேன். அவரு அலுவலகத்துல யாரோ சொன்னாங்கன்னு பல்பசையைத் தடவிக்கிட்டு உக்காந்தார். ரெண்டு நாள்ல முழங்கால்ல ஒரு இடம் சீழ் வெச்சிருச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்துட்டு, கடிச்சது கொசு, காயம் பண்ணினது நீங்கன்னு சொன்னாங்க. காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தா வீட்டுல வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்காம உடனே வாங்கன்னும் சொன்னாங்க. நல்லவேளை, யாருக்கும் வரல.

— அப்ப உங்களைத் தவிர எல்லாருக்கும் கடி.

— அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. சொன்னா திட்டுவே.

— திட்டறேன். சொல்லுங்க.

— வீட்டுக்குப் பின்னாடி ஒரு தொட்டி. போன முதல் நாளே எட்டிப் பார்த்தேன். தண்ணிக்குள்ள புழு. கூட்டம் கூட்டமா, இன்னும் ரெண்டு நாள்ல கூட்டுப்புழு ஆகிற பருவம். வேற யாரா இருந்தாலும் தொட்டியைக் கவிழ்த்திருப்பாங்க. நான் என்ன பண்ணினேன்னா, பழக்கதோஷம், வாடிப்போய் இருக்கேன்னு பிஸ்கட்டைப் பொடி பண்ணி ரெண்டு வேளை தூவினேன்.

— அண்ணே, நிஜமாவா?

— இங்க கீழ்த்தளத்துல தினமும் அதுங்களுக்குச் சாப்பாடு போடறதைப் பார்த்துப் பார்த்து, பட்டினியா இருக்கிற புழுவைப் பார்த்தா கை தானா போகுது. காலையில தூவிட்டு, மக ஒட்டின பட்டியல்ல ஏழாவது வரியைப் படிக்கிறேன், தண்ணி தேங்கக் கூடாதுன்னு. அப்பகூட எனக்கு உறைக்கல. நாலாம் நாள் எல்லாம் றெக்கை முளைச்சுக் கிளம்பிருச்சு. நான் வளர்த்த பிள்ளைங்க. எல்லாரையும் கடிச்சுச்சு, என் சம்சாரம் கணுக்கால்ல பதினாறு இடம். என்னை மட்டும் விட்டுருச்சு. பிஸ்கட் போட்ட விசுவாசம்னு மகளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவ ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

— உங்க சம்சாரம்?

— அவ பேசினா. அதுதான் விசேஷம். கடைசி நாள் சாயங்காலம் நாற்காலியை இழுத்து என்னை ஒட்டிப் போட்டு உக்காந்துக்கிட்டா. உங்க பக்கத்துல இருந்தாதாங்க நிம்மதியா இருக்குன்னா. முப்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா அப்படி ஒரு வார்த்தை. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அப்புறம்தான் சொன்னா, இங்க மட்டும் கொசு வர மாட்டேங்குதுன்னு.

— சிரிக்க வைக்காதீங்க, எண்ணுற பொத்தானைச் சும்மாவே அழுத்திருவேன். பத்து நிமிஷம் ஆச்சு. கையுறை போடுங்க.

— தங்கச்சி.

— என்ன?

— இடது கையில எப்பவும் ரெண்டு மூணு கூடுதலா வரும் இல்ல? இதயத்துக்குப் பக்கம்.

— வரும். வந்திருக்கு. உள்ள விடுங்க. ஆரம்பிச்சாச்சு.

— அதோ ஒண்ணு கிளம்புது.

— பேசாதீங்க.

— வருது. வா கண்ணு. வட்டம் போடுது பாரு. இறங்கு, இறங்கு. நல்ல இடம்தான், பச்சை நரம்பு, நேரா சாலை மாதிரி போகுது. என்னைக் கேட்டா ஊரிலேயே அதான் நல்ல இடம். அடடா, மனசு மாறிருச்சே.

— பதினைஞ்சு வினாடி.

— மூச்சை நல்லா விடட்டுமா? மூச்சுக்காத்துக்கு வரும்ல?

— விடுங்க. கூண்டுக்கு நேரா விடுங்க.

— எதுவும் வரல.

— இருபத்தஞ்சு.

— ஏதாவது தப்பா இருக்கும் தங்கச்சி. இந்தக் கொசு சரியில்ல. இந்தத் தொகுதியே மந்தம். யாரோ காலையில சர்க்கரைத் தண்ணி வெச்சுட்டாங்க. வயிறு நிறைஞ்சு போய் நிக்குதுங்க, பாரு.

— முப்பது. எடுத்துடுங்க அண்ணே.

— எடுத்துட்டேன்.

— இடது கையும் பூஜ்யம்.

— ம்.

— உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம். இருபத்திரண்டு வருஷம். பதினஞ்சு லட்சம் கொசு இந்தக் கையில உக்காந்திருக்கும். இது நிஜக் கணக்குதான், வேணும்னா உன் நோட்டைப் புரட்டிப் பாரு. மனுஷங்க நம்மைப் பிடிக்கலேன்னு எழுந்து போனா அதுக்கு ஆயிரம் காரணம் கண்டுபிடிச்சுக்கலாம். பசிச்ச ஜந்து எழுந்து போனா என்ன சொல்லித் தேத்திக்கிறது?

— நீங்க சொன்னது சரியாவும் இருக்கலாம்.

— எது?

— கொசு மந்தமா இருக்கலாம். பார்த்துரலாம். அந்தக் கையுறையைக் கொடுங்க.

— எதுக்கு?

— என் கையை விடறேன்.

— உனக்குப் பைத்தியமா? ஒரு கடி கடிச்சாலே உனக்குப் பணியாரம் மாதிரி வீங்கும். நீ வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட உள்ள விட்டதில்ல.

— இன்னிக்கு விடறேன். நீங்க எண்ணுங்க. பொத்தான் அங்க இருக்கு. உக்காந்தா ஒரு அழுத்து, அவ்வளவுதான். கதை சொல்லிக்கிட்டே எண்ணக் கூடாது.

— கடிக்க விடாதே, உக்காந்ததும் கையை உதறு.

— தெரியும், எத்தனை வருஷம் உங்களைப் பார்த்துட்டு இருக்கேன். கடிகாரத்தைப் பாருங்க. உள்ள விடறேன்.

— ஐயோ, ஒண்ணு, ரெண்டு. நாலு. மொத்தமா வருது தங்கச்சி. பத்து. பதினேழு. உதறு. இருபத்தாறு. உதறு உதறு. எடுத்துடு, போதும், எடுத்துடு.

— நேரம் ஆகல.

— முப்பத்தெட்டு. நாப்பது. நாப்பத்தொண்ணு. முப்பது வினாடி ஆயிருச்சு, எடு.

— அம்மாடி. நாலஞ்சு நல்லாவே கடிச்சிருச்சு.

— வா இந்தப் பக்கம். குழாய்க்கு அடியில காட்டு. சொறியாதே, நகத்தால அழுத்தி அதுல சிலுவை போடாதே. எல்லாரும் அதைத்தான் முதல்ல பண்ணுவாங்க. சோப்பு, அப்புறம் தண்ணி. ஒத்தி எடு, தேய்க்காதே. ஐஸ் பெட்டியில கட்டி இருக்கு, துணியில சுத்தித் தர்றேன். பத்து நிமிஷம் வெச்சிரு. அப்புறம் அந்த ரோஸ் கலர் லோஷன் போடலாம். அரிப்பு மாத்திரை சாப்பிட்டா உனக்குத் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதே, உன் வீட்டுக்காரரை வரச்சொல்லு. மூச்சு முட்டுதா? உதடு, தொண்டை எங்கயாவது வீங்குற மாதிரி இருக்கா?

— இல்ல. கை மட்டும்தான். எரியுது.

— இருந்தா உடனே சொல்லிரு. இது விளையாட்டு இல்ல.

— நீங்க இவ்வளவு நேரம் பொய் கலக்காம பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்.

— வைத்தியத்துல கலக்க மாட்டேன். நல்லா அழுத்திப் பிடி. கொசு மேல தப்பில்லேன்னு தெரிஞ்சுபோச்சு.

— அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லு.

— நாப்பத்தொண்ணு எண்ணினீங்க. எண்ணினது நிஜம், கூண்டு நிஜம், முப்பது வினாடியும் நிஜம். அதை இடது கைன்னு உங்க வரிசையில எழுதிடறேன். நாப்பத்தொண்ணுன்னா சந்தேகம் வரும். பதினாலுன்னு போடறேன். இந்த ரூம்ல நாம ரெண்டு பேர்தான்.

— வேணாம் தங்கச்சி.

— பதினாலு மாசம்தானே அண்ணே. அதுக்கப்புறம் நீங்களே போயிரப் போறீங்க. உங்க இடத்துக்கு யார் வர்றாங்க தெரியுமா? உடற்பயிற்சிக்கூடத்துல சொல்லித்தர்ற ஒருத்தர். போன வாரம் வந்து பார்த்துட்டுப் போனார். தோள்பட்டையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் பச்சை குத்தியிருக்கார். கொசு எங்க இறங்குறதுன்னு தெரியாம புலி மேல உக்காந்துச்சு. முப்பது வினாடியில ஒரு வார்த்தை பேசல. இன்னும் பதினெட்டு வருஷம் நான் அந்த ஆளு எதிர்ல உக்காந்து எண்ணணும்.

— நிம்மதியா எண்ணலாம்.

— எனக்கு நிம்மதி வேணும்னு உங்ககிட்ட யார் சொன்னா?

— நானும் வீட்டுல போய் யார்கிட்ட சொல்லப் போறேன்? நான் வாயைத் திறந்தா அவ டிவி சத்தத்தைக் கூட்டுவா. கூட்டிட்டு, போய் உங்க கொசுகிட்ட சொல்லுங்கம்பா. அது கிடக்கட்டும். பேனாவைக் கீழ வை.

— நீங்க சொன்ன பொய்க்கெல்லாம் கணக்கு உண்டா? கொசு கண்ணாடி போட்டுக்கிட்டு வந்துச்சு, கொசு லீவு லெட்டர் கொடுத்துச்சு, எத்தனை. ஒரு எண்ணை மாத்தி எழுதறதுக்கு இப்படி யோசிக்கிறீங்க.

— என் மக ஆறு வயசுல ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்தா. உனக்குச் சொன்னதில்ல.

— இல்லையே.

— கொசுக் காய்ச்சல். அந்த வருஷம் தெருவுல நிறைய பேருக்கு வந்துச்சு. நான் பயந்துபோய் முன்னாடியே ஒரு மருந்து வாங்கி வெச்சிருந்தேன். டப்பா மேல எட்டு மணி நேரம்னு போட்டிருந்தது. காலையில பள்ளிக்கூடம் போறப்ப என் கையாலதான் பூசிவிடுவேன். காதுமடல், கணுக்கால், ஒரு இடம் விட மாட்டேன். எட்டு மணி நேரம்னு நம்பி, மத்தியானம் மறுபடி பூசச் சொல்லி அனுப்பல. டாக்டர் அந்த டப்பாவை வாங்கிப் பார்த்துட்டு, இது ஒரு மணி நேரம் தாங்கினா அதிகம்னார்.

— அண்ணே.

— அவ பொழைச்சுக்கிட்டா. நான் அந்த டப்பாவை எடுத்துக்கிட்டு, இதை யார் சோதிச்சாங்கன்னு தேடிக்கிட்டு சண்டை போட வந்தேன். கடைசியில இந்த வாசல்ல வந்து நின்னேன். இங்க இல்லையாம், வேற ஏதோ இடமாம், அதை மூடியே போட்டாங்களாம். அப்பவே மேடம் இங்கதான் இருந்தாங்க, சின்ன வயசு. உக்காரச்சொல்லித் தண்ணி கொடுத்தாங்க. ஒரு கை, ஒரு எண்ணிக்கை, அதுல யாரோ ஒருத்தர் யாருக்கோ இரக்கப்பட்டு மாத்தி எழுதியிருப்பாங்கன்னு சொன்னாங்க. இங்க அப்படி நடக்காம பார்த்துக்க நீங்க வர்றீங்களான்னு கேட்டாங்க. மறுவாரம் சேர்ந்தேன்.

— இது கதையா அண்ணே?

— கதையா இருந்தா கொசு பெருசா இருக்கும்.

— பேனாவைக் கீழ வெச்சுட்டேன் அண்ணே.

— நான் வெளிய போய் எவ்வளவு வேணும்னாலும் அளப்பேன். இந்தக் கூண்டுக்குள்ள விட்ட கை மட்டும் பொய் சொன்னதில்ல. நீ எழுதின பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கட்டும். கையெழுத்து எங்க போடணும்?

— இங்க. அதுக்குக் கீழ.

— அழாதே. ஐஸ் கரையறதுக்கு முன்னாடி நீ கரைஞ்சுடாதே. போன் அடிக்குது பாரு. மணி பதினொண்ணா?

— பதினொண்ணுதான். நான் எடுக்கிறேன்.

— நீ கையை அழுத்திப் பிடி. நான் பேசறேன். என் கைதானே, நானே சொல்லிடறேன். வணக்கம் மேடம். நான்தான், கை பேசறேன். பூஜ்யம் மேடம். ஆமா, வலதும் பூஜ்யம், இடதும் பூஜ்யம். இல்ல மேடம், கூண்டு மேல தப்பில்ல. தங்கச்சி தன் கையை விட்டுப் பார்த்துச்சு, நாப்பத்தொண்ணு. நானே எண்ணினேன். இல்ல மேடம், எதுவும் பூசல. மாத்திரையும் எதுவும் சாப்பிடறதில்ல. சோப்பு எல்லாருக்கும் போடற சோப்புதான். ஏரிக்கரையிலயா? அங்கயும்தான் மேடம், அஞ்சு நாளும் ஒண்ணுகூட. பக்கத்துலயா? என் சம்சாரம் ஒட்டி உக்காந்திருந்தா. அவளையும் கடிக்கல, ஆனா அந்த ஒரு சாயங்காலம்தான். மேடம்? லைன்ல இருக்கீங்களா? சரி மேடம், தர்றேன். இந்தா தங்கச்சி, உன்கிட்ட கொடுக்கச் சொல்றாங்க.

— சொல்லுங்க மேடம். ஆமா. ஆமா, நானேதான் கழுவினேன். அப்படியா மேடம். இல்ல, இங்கதான் இருக்கார். சரி. சரி மேடம். பூட்டிடறேன்.

— என்னவாம்? பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பவா?

— கதவைப் பூட்டச் சொல்றாங்க.

— நான் இன்னும் வெளிய போகலையே.

— உங்களை உள்ள வெச்சுப் பூட்டச் சொல்றாங்க. அவங்க படியிறங்கி வர்ற வரைக்கும் நீங்க கையைக் கழுவக் கூடாதாம், துடைக்கக் கூடாதாம், எதுலயும் உரசக் கூடாதாம். கொசுவை அண்டவிடாத ஏதோ ஒண்ணு, முப்பது வருஷமா அவங்க தேடறது, ஒருவேளை உங்க தோல்லயே ஊறுதோ என்னவோங்கிறாங்க. இனிமே நீங்க கை இல்லையாம் அண்ணே. மருந்தாம்.